ஒரே சொல், 645 அர்த்தம்: ‘ரன்’ பற்றிக் கேட்ட வாசகிக்குப் பதில்

மொழிப் பயிற்சி ஆலோசகர் பதில் அளிக்கிறார்

36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தமிழ் வழியில் படித்தவர். கணக்குப் பிரிவில் பல ஆண்டு அனுபவம். வேலையில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. போன வருடம் வேறு நாட்டுக் குழுவோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிவந்தது. மெயில், மீட்டிங் எல்லாம் ஆங்கிலம். ஒரு நாள் மேலாளர், மாதாந்திர ரிப்போர்ட்டைக் குறித்து ‘ரன் இட் பை த டீம் லீட்’ என்று எழுதியிருக்கிறார். ‘ரன்’ என்றால் இயக்குவது. ரிப்போர்ட்டை டீம் லீட் ரன் பண்ண வேண்டும் போல என்று வாசகி புரிந்துகொண்டார். அப்படியே டீம் லீடிடம் சொல்லிவிட்டார். அவரும் மென்பொருளில் ரிப்போர்ட்டைப் புதிதாக எடுத்து நேராக அனுப்பிவிட்டார். மேலாளர் சொன்னது வேறு: அனுப்பும் முன் டீம் லீடிடம் காட்டி அவர் கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான். சரிபார்க்காத எண்கள் போய்ச் சேர்ந்தன. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வாசகி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அந்தச் சொல் மேல் ஒரு பயம். அகராதியில் ‘ரன்’னுக்கு 645 அர்த்தம் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு பட்டியலை எடுத்துத் தினம் பத்து என்று மனப்பாடம் செய்யத் தொடங்கினார். சில வாரங்களில் எல்லாம் குழம்பிப்போனது. அப்புறம் வேறு வழி பிடித்தார்: ‘ரன்’ என்ற சொல்லையே தொடுவதில்லை, அதற்குப் பதில் ஒத்த சொற்கள். சளி பிடித்தபோது லீவ் மெயிலில் ‘மை நோஸ் இஸ் ஃப்ளோயிங்’ என்று எழுதினார். ‘ஐ வில் ஆபரேட் த மீட்டிங்’ என்று சொன்னபோது சக ஊழியர் ஒருவர் சிரித்துவிட்டார். இப்போது வாராந்திர மீட்டிங்கை நடத்தும் பொறுப்பை அவருக்குத் தரப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறார். அதையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. எல்லா அர்த்தங்களையும் படித்தே ஆக வேண்டுமா? இந்தச் சொல்லின் உண்மையான அர்த்தம் எது? ஒத்த சொல்லைப் போட்டால் ஏன் தப்பாகிறது? புரியாதபோது கேட்டால் மதிப்புக் குறையுமா? மறந்துபோவது வயதினாலா?

அன்புள்ள தோழி,

முதலில் அந்த ரிப்போர்ட் விவகாரத்தைப் பேசிவிடலாம், அதுதான் உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. ‘ரன் எ ரிப்போர்ட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது உண்டு. மென்பொருளில் கட்டளை கொடுத்து ரிப்போர்ட் எடுப்பதை அலுவலகங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் ரிப்போர்ட் என்ற சொல் இருந்ததால் நீங்கள் அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டீர்கள். தெரிந்த ஒரு பயன்பாட்டை வைத்துச் செய்த நியாயமான ஊகம் அது. உங்கள் கண்ணில் படாமல் போனது ‘பை’ என்ற அந்தச் சின்னச் சொல். ‘ரன்’னோடு ‘பை’ சேர்ந்து, பின்னால் ஒரு ஆளும் வந்தால், அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது என்று பொருள். உங்களைக் கவிழ்த்தது இரண்டெழுத்து இடைச்சொல். அறிவுக் குறைவு என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மேலாளர் பல மொழி பேசுகிறவர்கள் இருக்கும் குழுவுக்கு எழுதினார். ‘முதலில் அவரிடம் காட்டுங்கள், பிறகு அனுப்புங்கள்’ என்று நேராக எழுதியிருக்கலாம். தவறில் அவருக்கும் பங்கு உண்டு.

645 யாருக்காக எண்ணிய எண்ணிக்கை?

நீங்கள் படித்த எண் பொய்யில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பு 20 தொகுதிகள் கொண்டது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு. சுமார் 430 அர்த்தங்கள். பின்னர் அகராதியைத் திருத்தும்போது ‘ரன்’ அதை முந்தியது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்களைப் பிரித்து எழுதினார்கள். அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லோடு ஏறக்குறைய ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒன்பது மாதம். நீங்கள் அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, தினம் பத்தாக அதை முடித்துவிடப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த அகராதி எதற்காகத் தொகுக்கப்பட்டது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். அது வரலாற்று அகராதி. ஒரு சொல் முதன்முதலில் எழுத்தில் வந்த காலம் தொடங்கி, எந்தெந்த நூற்றாண்டில் எப்படிப் புழங்கியது என்று சான்றோடு சேர்த்து வைப்பது அதன் வேலை. வழக்கொழிந்த அர்த்தம், கப்பல்காரர்கள் மட்டும் சொன்னது, வேட்டைக்காரர்கள் மட்டும் சொன்னது எல்லாம் அதில் உண்டு. இன்று ஆங்கிலம் பேசிப் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் அந்த 645-ஐயும் நீட்டினால் அவருக்கும் பல புதிதாகத்தான் இருக்கும். இதெல்லாம் இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. 1755-ல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியிலேயே ‘டேக்’ என்ற சொல்லுக்கு 134 பொருள்கள் இருந்தன.

ஏன் சின்னச் சின்னச் சொற்களுக்குத்தான் இந்தப் பெருக்கம்? அடிக்கடி புழங்கும் சொல்லுக்கு அர்த்தமும் அதிகமாக இருக்கும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் ஜிஃப் 1945-ல் எழுதினார். புதிதாக ஒரு பொருளோ செயலோ வரும்போது, மக்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைத்தான் நீட்டிப் பயன்படுத்துவார்கள். அதனால்தான் ‘போட்டோசிந்தசிஸ்’ போன்ற பெரிய சொல் உங்களை ஏமாற்றுவதில்லை. அதற்கு ஒரே பொருள். ஏமாற்றுபவை எல்லாம் ‘கெட்’, ‘டேக்’, ‘ரன்’, ‘செட்’ போன்றவை.

படிப்பவர்களுக்கு எது தேவை என்பதை ஆசிரியர்கள் வெகு காலம் முன்பே யோசித்திருக்கிறார்கள். 1953-ல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொற்கள் உண்டு. அதன் சிறப்பு, ஒரு சொல்லின் பல அர்த்தங்களில் எது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்றும் அதில் குறித்திருந்ததுதான். எல்லா அர்த்தமும் ஒரே கனம் உடையவை அல்ல. உங்கள் பட்டியல் செய்த அநியாயமே இதுதான்: நாளைக் காலை உங்கள் மெயிலில் வரப்போகிற அர்த்தத்தையும், முந்நூறு வருடமாக யாரும் சொல்லாத அர்த்தத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம். அந்தப் பட்டியலை இன்றே மூடிவிடுங்கள்.

உண்மையான அர்த்தம் என்று ஒன்று இருக்கிறதா?

காலால் ஓடுவதுதான் அசல் அர்த்தம், மற்றவை எல்லாம் யாரோ ஒட்டவைத்தவை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்குத் தண்ணீர் ஓடுவது என்ற பொருளும் இருந்தது. மனிதன் ஓடுவதும் ஆறு ஓடுவதும் ஒன்றாகவே தொடங்கியவை. நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது என்ற ஓர் எண்ணம் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாகப் பிடிபடும். இயந்திரங்கள் வந்தபோது எஞ்சின் ‘ரன்’ ஆனது. ரயில் ‘ரன்’ ஆனது. கம்ப்யூட்டர் வந்ததும் புரோகிராமும் அதே வழியில் போனது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிற்காமல் பார்த்துக்கொள்பவர் கடையை ‘ரன்’ பண்ணுகிறார், பள்ளியை ‘ரன்’ பண்ணுகிறார். நிற்காமல் நீள்வதால் சாலையும் ஆற்றை ஒட்டி ‘ரன்’ ஆகும். ஒப்பந்தமும் இரண்டு வருடத்துக்கு ‘ரன்’ ஆகும். ஒரு குணம் தலைமுறை தலைமுறையாக வந்தால் ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’.

இப்போது நம் மொழியைப் பாருங்கள். வண்டி ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறது, படம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, வியாபாரம் ஏதோ ஓடுகிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ‘எனக்கு ஒன்றுமே ஓடவில்லை’ என்று நீங்களே கடிதத்தின் மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். யாராவது உங்களுக்கு ‘ஓடு’ என்பதற்குப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்களா? கூடவே வந்த சொல்லை வைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். ஆமை ஓடு, கூரை ஓடு என்று வரும்போதுகூட ஒரு நொடியும் நீங்கள் தடுமாறுவதில்லை. அது தொடர்பே இல்லாத வேறு சொல். எழுத்து மட்டும்தான் ஒன்று. இவ்வளவையும் பிரித்தறியும் திறமை உங்களிடம் இருக்கும்போது, ஆங்கிலத்துக்கு மட்டும் அது இல்லாமல் போகாது. பழக்கம்தான் போதவில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இரண்டு மொழிகளும் எல்லா இடத்திலும் கூடவே ஓடுவதில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதைத் தமிழ் பல வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், தமிழில் ஒழுகும். அங்கே துணியின் சாயம் ஓடும், இங்கே சாயம் போகும். அங்கே ஒருவர் காய்ச்சலை ஓட்டுவார், இங்கே காய்ச்சல் அடிக்கும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், நாம் நிற்போம். கடையை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். ‘நடத்து’ என்பது ‘நட’ என்பதிலிருந்து வந்ததுதானே? அவர்கள் ஓடவிட்டதை நாம் நடக்கவிட்டிருக்கிறோம். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்க்கும் பழக்கம் தவறிப்போகும் இடம் இதுதான். ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி ‘ரன்’ என்பதன் பக்கத்தில் சமக்குறி போட்டு வைத்திருந்தால், அந்தச் சமக்குறியை அழித்துவிடுங்கள்.

ஒத்த சொற்கள் ஏன் கைவிட்டன

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த பகுதி இதுதான். மனப்பாடம் செய்தது வெறும் நேர விரயம். இதுவோ நீங்கள் எழுதும் ஆங்கிலத்தையே திரிக்கத் தொடங்கியிருக்கிறது.

ஒத்த சொற்களின் தொகுப்பு என்றதும் எல்லோரும் நினைப்பது ரோஜே என்ற பெயரை. பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர். தம் சொந்த உபயோகத்துக்காக 1805-ல் ஒரு சொற்பட்டியலைத் தொகுத்தார். பல பத்தாண்டுகள் கழித்து, 1852-ல், அதை விரித்து நூலாக வெளியிட்டார். சொற்களை அகரவரிசையில் வைக்காமல், 1000 கருத்துத் தலைப்புகளின் கீழ் அடுக்கினார். மனதில் கருத்து இருக்கிறது, சொல் நாக்கில் வரமாட்டேன் என்கிறது; அப்படிப்பட்டவர் தேடிக் கண்டுபிடிப்பதற்காகச் செய்த நூல் அது. அதாவது அந்தச் சொல்லை ஏற்கெனவே அறிந்த ஒருவருக்கு நினைவூட்ட. அறியாதவர் அதிலிருந்து ஒரு சொல்லை உருவி வாக்கியத்தில் செருகினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அனுபவித்துவிட்டீர்கள்.

தமிழில் சாப்பிடு, உண், தின், அருந்து எல்லாம் ஒத்த சொற்கள்தான். மாத்திரை சாப்பிட்டேன் என்போம். மாத்திரை உண்டேன் என்று யாராவது சொன்னால் புரியும், ஆனால் காது உறுத்தும். ஆங்கிலத்தில் உங்களுக்கு நேர்ந்தது அதே உறுத்தல்தான். ‘ஃப்ளோ’ ஆற்றுக்கும் ரத்தத்துக்கும் போக்குவரத்துக்கும் வரும், மூக்குக்கு வராது. சளி பிடித்தவருக்கு ‘ரன்னி நோஸ்’தான். ‘ஆபரேட்’ என்பதை இயந்திரத்துக்கும், ஒரு நிறுவனம் இயங்குவதற்கும் சொல்லலாம். மீட்டிங்குக்கு ‘ரன்’, ‘லீட்’, ‘சேர்’ ஆகிய மூன்றும் நன்றாகப் பொருந்தும். மூன்றாவது, தலைமை நாற்காலியில் உட்கார்ந்து நடத்துவது. சற்று முறைப்படியான தொனி. குழுவுக்கும் பட்ஜெட்டுக்கும் ‘மேனேஜ்’. ஆய்வுக்கும் நேர்காணலுக்கும் ‘கண்டக்ட்’. ‘ஸ்பிரின்ட்’ என்றால் குறைந்த தூரத்தை முழு வேகத்தில் ஓடுவது. நீண்ட தூரம் மெதுவாக ஓடுபவரை அப்படிச் சொல்ல முடியாது.

தொனி மட்டும் மாறினால் பெரிய ஆபத்து இல்லை. பொருளே மாறும் இடங்களும் இருக்கின்றன. ‘எக்ஸிக்யூட்’ புரோகிராமுக்கு, திட்டத்துக்கு, ஒப்பந்தப் பத்திரத்துக்குச் சரி. அதற்குப் பின்னால் மனிதர் பெயர் வந்தால் மரண தண்டனை நிறைவேற்றுவது என்று ஆகிவிடும். ‘ஆபரேட்’டோடு ‘ஆன்’ சேர்ந்து ஆள் பெயரும் வந்தால் அறுவைச் சிகிச்சை. ‘குழுவை நடத்துகிறேன்’ என்று சொல்ல வந்தவர் இந்த இரண்டில் எதை எடுத்தாலும் விபரீதம்.

நாட்டுக்கு நாடும் மாறும். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்க ஆங்கிலம் ‘ரன் ஃபார்’ என்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பழக்கமானது ‘ஸ்டாண்ட் ஃபார்’. மெல்லிய காலுறையில் நூல் விட்டுக் கோடாகக் கிழிந்தால் அமெரிக்கர் அதை ‘ரன்’ என்பார், பிரிட்டனில் ‘லேடர்’ என்பார்கள். உங்கள் குழுவில் எந்த ஆங்கிலம் புழங்குகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்; அதன்படியே போங்கள்.

இதோடு சேர்ந்து இன்னொரு எண்ணமும் உங்களிடம் ஊறியிருக்கிறது: சின்னச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது படிக்காதவர் வழக்கம் என்று. பள்ளிக் கட்டுரைகளில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அலுவலக எழுத்தில் நிலைமை நேர்மாறு. முதல் வரியில் ‘ரிப்போர்ட்’, இரண்டாம் வரியில் ‘ஸ்டேட்மென்ட்’, மூன்றாம் வரியில் ‘டாக்குமென்ட்’ என்று மாற்றி மாற்றி எழுதினால், படிப்பவர் மூன்று தனித்தனிக் காகிதங்களைத் தேடுவார். ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர்கள் ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைத்தான் கடைசி வரை வைத்திருப்பார்கள். சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டதாக யாராவது வாதிடலாம் என்பதால்தான் அந்தக் கவனம். நீங்களும் தைரியமாகத் திரும்பச் சொல்லுங்கள்.

மறதிக்கு வயது காரணமா?

இல்லை. 36 வயதில் புதிய சொற்களைக் கற்க எந்தத் தடையும் கிடையாது. உங்கள் முறைதான் உங்களுக்கு எதிராக வேலை செய்தது. ஒன்றுக்கொன்று நெருக்கமான பொருள்களை ஒரே சமயத்தில் படித்தால் அவை ஒன்றையொன்று குழப்பும் என்பதை மொழி கற்பித்தல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘ரன் இன்டு’, ‘ரன் ஓவர்’, ‘ரன் த்ரூ’, ‘ரன் டௌன்’ நான்கையும் ஒரே மாலையில் படித்தீர்கள். மறுநாள் நான்கும் கலந்து நின்றன. யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

வேறு மாதிரிச் செய்யலாம். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறியமுடியும் என்ற கருத்தை ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957-ல் வலியுறுத்தினார். 1987-ல் வந்த கோபில்டு அகராதி அந்த வழியைப் படிப்பவர்களுக்குக் கொண்டுவந்தது. சொல்லின் பொருளைத் தனியாகச் சொல்லாமல், அந்தச் சொல் வரும் முழு வாக்கியமாகவே விளக்கம் எழுதினார்கள். கற்போருக்கான இப்படிப்பட்ட அகராதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வரலாற்று அகராதியும் ஒத்த சொல் தொகுப்பும் இப்போதைக்குத் தள்ளியே இருக்கட்டும்.

ஒரு சிறு நோட்டு போடுங்கள். உங்கள் கண்ணிலோ காதிலோ நிஜமாகவே பட்ட பயன்பாட்டை மட்டும் எழுதுங்கள். பார்த்த வாக்கியம் முழுசாக. யார் யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார் என்பது. அதே அமைப்பில் உங்கள் வேலையைப் பற்றி நீங்களே எழுதும் ஒரு வாக்கியம். இவ்வளவு போதும். ஒரு வாரத்தில் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் தாராளம். ‘ரன் இட் பை’ உங்கள் முதல் பக்கத்தில் இருக்கட்டும். இனி வாழ்நாளில் அதை மறக்கமாட்டீர்கள். ‘ரன்’ வரும் இடத்தில் முதலில் அதற்கு அடுத்த சின்னச் சொல்லைப் பாருங்கள். ‘அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது. ‘இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, அல்லது சிக்கலில் மாட்டுவது. ‘த்ரூ’ என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை பார்ப்பது. ‘அப்’போடு பில்லோ கடனோ வந்தால் ஏறிக்கொண்டே போகவிட்டது. ‘லேட்’, ‘லோ’, ‘ஷார்ட்’ போன்றவை வந்தால் ஓட்டமே கிடையாது, ஒரு நிலையைத்தான் சொல்கிறார்கள். ‘ஐம் ரன்னிங் லேட்’ என்று சொல்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லலாம்; தாமதமாகிறது என்பது மட்டும்தான் செய்தி.

மொழிபெயர்ப்புச் செயலி பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் ‘ரன்’ என்று ஒற்றைச் சொல்லைத் தட்டினால் அதனால் ஊகிக்கத்தான் முடியும். முழு வாக்கியத்தையும், முடிந்தால் அதற்கு முந்தைய வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எண்ணும் பணமும் சம்பந்தப்பட்டதாக இருந்தால் செயலி சொன்னதோடு நிறுத்தாமல் ஒரு மனிதரிடமும் கேளுங்கள்.

கேட்டால் மதிப்புக் குறையுமா?

உங்களுக்குக் கொடுக்கும் வேலையைப் புரிந்துகொண்டு செய்வது உங்கள் கடமை. அப்படியென்றால் புரியும்படி சொல்லக் கேட்பது உங்கள் உரிமை. சலுகையாக நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். நீங்கள் புரிந்துகொண்டதை முன்வைத்துக் கேளுங்கள்: ‘ஸோ ஐ ஷோ இட் டு த டீம் லீட் ஃபர்ஸ்ட், அண்ட் தென் சென்ட் இட், ரைட்?’ இப்படிக் கேட்பவரை யாரும் அறியாதவர் என்று நினைக்கமாட்டார்கள். வேலையைச் சரிபார்ப்பவர் என்றுதான் நினைப்பார்கள். புரிதல் தவறாக இருந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவார்கள். அன்று இந்த ஒரு வரி போயிருந்தால் அந்த மீட்டிங்கில் நீங்கள் விளக்கம் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

இரண்டு இடங்களில் மட்டும் ஊகத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் பத்திரம் ஒன்று. ஒப்பந்தக் காலம் எந்தத் தேதியிலிருந்து ‘ரன்’ ஆகிறது, கெடு எப்போது ‘ரன் அவுட்’ ஆகிறது என்பதில் ஒரு நாள் பிசகினாலும் நஷ்டம் வரலாம். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். மற்றொன்று மருத்துவர் அறை. ‘ரன் சம் டெஸ்ட்ஸ்’ என்றால் சில பரிசோதனைகள் செய்வது. ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் இருப்பது. ‘த ரன்ஸ்’ என்று பேச்சுவழக்கில் கேட்டால் வயிற்றுப்போக்கு. தெரியாமல் ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையாட்டினால் சிகிச்சையே திசை மாறிவிடக்கூடும்.

மீட்டிங் பொறுப்பு

முடிவு உங்களுடையது. இரண்டு பக்கமும் இருப்பதைச் சொல்கிறேன். ஏற்றுக்கொண்டால் முதல் சில வாரங்கள் கஷ்டமாக இருக்கும். சில வாக்கியங்கள் தவறும். அன்று சிரித்தவர் இன்னொரு முறையும் சிரிக்கலாம். மறுத்தால் அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் பேசும் வாய்ப்புக் குறையும். வாய்ப்புக் குறைந்தால் பயம் அப்படியே நிற்கும். அடுத்த பொறுப்பு வரும்போது இதே மெயிலைத் திரும்ப எழுதுவீர்கள். வேலையில் குறை இல்லாத ஒருவர், ஒரு சொல்லுக்காக ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் மறுப்பு மெயிலைப் படித்தேன். அதில் ‘ஐ ஹாவ் ரன் அவுட் ஆஃப் கான்ஃபிடன்ஸ்’ என்று ஒரு வரி. தன்னம்பிக்கை தீர்ந்துபோய்விட்டது என்று சொல்கிறீர்கள். இலக்கணமும் வழக்கும் துல்லியமாக இருக்கின்றன. தொடுவதே இல்லை என்று ஒதுக்கிய சொல்லை, யோசிக்காமல் எழுதியபோது சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முயன்று பார்க்கிறேன், நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், முடிவுகளை நான் மெயிலில் தொகுத்து அனுப்புகிறேன் என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை இது; மொழி தெரிந்தவர்களுக்கும் இதனால் பயன்தான். மீட்டிங் நடத்த நூறு வாக்கியம் தேவைப்படாது. தொடங்க ‘லெட்ஸ் கெட் ஸ்டார்டட்’. நிரலை ஒருமுறை படித்துக்காட்ட ‘லெட் மீ ரன் த்ரூ த அஜெண்டா’. நேரம் குறையும்போது ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’. ஒரு விஷயத்தை மேலாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஐ வில் ரன் இட் பை த மேனேஜர்’. இந்த நான்கையும் வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பொறுப்பை ஏற்பதாக முடிவு செய்தால் மெயிலில் நீட்டி எழுத வேண்டாம், ‘ஐ வில் பி ஹாப்பி டு ரன் த வீக்லி மீட்டிங்’ என்ற ஒரு வரியும் அதன் கீழே அந்த மூன்று கோரிக்கைகளும் போதும்.